25 கிலோமீட்டருக்கு மேலே

(முன்னாள் மாணவர் சந்திப்பின் காலை அமர்வில் ஆற்றிய உரை)



செயலாளர் போன் செய்து, "அண்ணே, எலக்ட்ரிக் வண்டி பத்தி பத்து நிமிஷம் பேசுங்க, பசங்களுக்கு உபயோகமா இருக்கும்" என்றார். மின் வாகனங்களின் எதிர்காலம் என்று ஏதாவது பேசுவேன் என்று நினைத்திருப்பார். நான் பேசப் போவது என் கையால் நான் கெடுத்த ஒரு வண்டியைப் பற்றி.

1987-ல் நம் சைக்கிள் ஸ்டாண்டில் லூனாவும் டி.வி.எஸ். 50-உம்தான் ராஜா. சைலன்சருக்குள் இருக்கும் தட்டைக் கழற்றி எறிவது, ஹெட்டைத் தேய்ப்பது, கார்புரேட்டர் ஜெட்டை மாற்றுவது எல்லாம் பாடத்திட்டத்தில் இல்லாமலே நாங்கள் படித்த பாடங்கள். வேகம் ஐந்து கிலோமீட்டர் கூடும். சத்தம் ஐம்பது கிலோமீட்டருக்குக் கூடும். அந்த ஆசை இன்றைய பிள்ளைகளுக்கு இருப்பதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

என் அக்கா மகன் சின்ன மின் ஸ்கூட்டர் ஒன்று வைத்திருந்தான். நம்பர் பிளேட் இல்லாத வகை. லாஸ்பேட்டையிலிருந்து நேரு வீதிக்குப் போகும்போது சைக்கிள்காரர்கூட முந்துகிறார் என்று அவனுக்கு வருத்தம். "மாமா, நீங்க மோட்டார் காயில் கட்டுறவரு. இத கொஞ்சம் ஓட வைக்கக் கூடாதா?" என்றான். பட்டறை வைத்திருப்பவனுக்கு இதைவிடப் பெரிய புகழ்ச்சி கிடையாது. விழுந்துவிட்டேன்.

முதலில் கண்ட்ரோலரில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் வயரைக் கழற்றினேன். ஏழெட்டு கிலோமீட்டர் கூடியது. அவனுக்குப் போதவில்லை. உள்ளபடி சொன்னால், எனக்கும் போதவில்லை. நான்கு 12 வோல்ட் பேட்டரியோடு ஐந்தாவது ஒன்றைச் சேர்த்து 48-ஐ 60 ஆக்கினேன். பழைய கண்ட்ரோலரின் கப்பாசிட்டர் 63 வோல்ட்டுக்குத்தான். ஐந்து பேட்டரியும் முழுசா சார்ஜ் ஏறினால் 69-ஐத் தொடும். அது வெடிக்கும் என்று தெரிந்ததால் பெரிய கண்ட்ரோலர் வாங்கிப் போட்டேன். வண்டி 45-ல் போனது. தெருவே வேடிக்கை பார்த்தது.

கண்ட்ரோலருக்குக் கணக்குப் போட்ட நான் மற்றதற்குப் போடவில்லை. அதை இப்போது சொல்கிறேன். மாணவர்கள் வீட்டில் போட்டுப் பார்க்கலாம். வண்டியும் ஆளும் சேர்ந்து 150 கிலோ என்று வையுங்கள். சமதரையில் 25 கிலோமீட்டர் வேகத்தில் காற்றையும் டயர் உராய்வையும் சமாளிக்க ஏறக்குறைய 250 வாட் போதும். 45-ல் அதே ஆளுக்கு 950 வாட் வேண்டும். வேகம் இரண்டு மடங்குகூட ஆகவில்லை, தேவை கிட்டத்தட்ட நான்கு மடங்காகிவிட்டது. காற்றுக்கு மட்டும் செலவாகும் சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறுவதுதான் காரணம். மோட்டார் சுருளில் ஓடும் மின்னோட்டம் இரட்டிப்பு, சூடு நான்கு மடங்கு. ஒரு சார்ஜில் போகும் தூரம் பாதி. "மாமா, வில்லியனூர் போயிட்டுத் திரும்பி வர சார்ஜ் நிக்கல" என்று அவன் சொன்னபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

பிரேக் விஷயம் இதைவிட மோசம். 25-ல் போகும்போது, யோசித்துக் கை அழுத்த ஒரு விநாடி, பிறகு நல்ல பிரேக் என்றால் மொத்தம் 13 மீட்டரில் நிற்கலாம். 45-ல் 32 மீட்டர். அதுவும் காய்ந்த ரோட்டில், பிரேக் நன்றாகப் பிடித்தால். அந்த வண்டிக்கு இருந்தது சின்ன டிரம் பிரேக், சைக்கிளுக்குக் கொஞ்சம் மேலான டயர்.

மூன்றாவது வாரம், மழை விட்ட ஒரு சாயங்காலம், ராஜீவ் காந்தி சிலைக்குக் கொஞ்சம் முன்னால், ரோட்டைக் கடந்த காய்கறிக்கார அம்மா ஒருவர் மேல் மோதிவிட்டான். அவனுக்கு முட்டி சிராய்ப்பு. அந்த அம்மாவுக்கு வலது மணிக்கட்டு முறிந்தது. வலது கை இல்லாமல் தராசு பிடிக்க முடியுமா? இரண்டு மாதம் கடை போடவில்லை.

பிறகுதான் சட்டம் படித்தேன். மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, மோட்டாரின் 30 நிமிடத் திறன் 250 வாட்டுக்குள், அதிகபட்ச வேகம் 25 கிலோமீட்டருக்குள் இருந்தால் அது மோட்டார் வாகனமே இல்லை. லைசென்ஸ், பதிவு, இன்சூரன்ஸ் எதுவும் வேண்டாம். நான் வயரைக் கழற்றிய அந்த நிமிஷமே அது மோட்டார் வாகனம் ஆகிவிட்டது. பதிவில்லாத, இன்சூரன்ஸ் இல்லாத, லைசென்ஸ் இல்லாதவன் ஓட்டிய மோட்டார் வாகனம். அந்த அம்மாவுக்கு எந்த இன்சூரன்ஸ் கம்பெனியிடமும் கேட்க வழியில்லை. ஆஸ்பத்திரிச் செலவும் இரண்டு மாத வருமானமும் நானும் அக்காவும் கொடுத்தோம். கொடுத்தது சரிதான். நம்மிடம் கொடுக்க வசதி இருந்தது, அவ்வளவுதான். 2019-ல் திருத்திய சட்டப்படி, அனுமதியில்லாமல் வண்டியை மாற்றும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ உண்டு. 18 வயது ஆகாத பிள்ளை மோட்டார் வாகனக் குற்றம் செய்தால் பெற்றோர்தான் பதில் சொல்ல வேண்டும்.

பிரான்சில் சொந்தக்காரர் இல்லாத தெரு நம் ஊரில் உண்டா? அங்கே இருக்கும் என் சித்தப்பா மகனிடம் இதைச் சொல்லி அழுதேன். அவன் சிரித்தான். அங்கே நின்றுகொண்டு ஓட்டுகிற த்ரோத்தினேத் 25-க்கு மேல் போகும்படி இருந்தால் 1,500 யூரோ வரை அபராதம், வண்டியும் போய்விடலாம். மின் சைக்கிளின் கட்டுப்பாட்டை அவிழ்த்தால் ஓராண்டு சிறை, 30,000 யூரோ வரை அபராதம். வாடகை த்ரோத்தினேத்தைப் பாரிஸ்காரர்கள் 2023 ஏப்ரலில் ஓட்டுப் போட்டே ஊரைவிட்டு அனுப்பிவிட்டார்கள்.

பேட்டரி பற்றி ஒரு வார்த்தை. 2022 மார்ச்சில் வேலூரில், வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின் ஸ்கூட்டர் தீப்பிடித்து, தகப்பனும் 13 வயது மகளும் புகையில் மூச்சுத் திணறி இறந்தார்கள். அது மாற்றம் செய்த வண்டி என்று நான் சொல்லவில்லை. அந்த ஆண்டு நடந்த தீ விபத்துகளுக்குப் பிறகு பேட்டரிச் சோதனை விதிகள் 2022 டிசம்பரிலும் 2023 மார்ச்சிலும் இரண்டு கட்டமாக இறுக்கப்பட்டன. அப்படிச் சோதித்த பேட்டரியோடு, பழைய லேப்டாப்பிலிருந்து பிடுங்கிய செல்லைச் சேர்த்துக் கட்டி, படுக்கையறையில் சார்ஜ் போடும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். என் லெட்-ஆசிட் வேலையே தேவலை.

அப்போ வேகமே வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். பச்சை நம்பர் பிளேட் வண்டி வாங்குங்கள். அதன் பிரேக்கும் சட்டமும் அந்த வேகத்துக்காகவே செய்தவை. கழற்றி மாட்டிப் பார்க்கும் கை அரிப்பு இருந்தால் நாலு பேர் சேர்ந்து, கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடந்துவரும் பார்முலா பாரத் போட்டிக்கு மின் கார் கட்டுங்கள். அங்கே பிரேக் சோதனையில் தேறாத வண்டியைப் பந்தயத்தில் ஓட விடமாட்டார்கள். பட்டறையும் காயில் கம்பியும் என்னிடம் இருக்கிறது, சனிக்கிழமை மத்தியானம் வாருங்கள். டீயும் உண்டு.

அந்த வண்டியை மறுபடி 48 வோல்ட்டுக்கு மாற்றிவிட்டேன். அக்கா மகன் லைசென்ஸ் எடுத்துவிட்டான். வண்டியைப் பிரித்தபோது கிடைத்த பிரேக் ஷூ கண்ணாடிபோல் பளபளக்கிறது. பின்சக்கர அச்சு, தான் உட்கார்ந்த இடத்தையே தின்று பள்ளம் ஆக்கியிருக்கிறது. மோட்டார் வயரின் ரப்பர் உருகி ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்கியிருக்கிறது. மூன்றையும் பின்னால் டிபன் மேசைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். கையில் எடுத்துப் பாருங்கள், கறை படியாது, மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துத்தான் கொண்டு வந்தேன்.