கோடரி கருத்தை வெல்லுமா?



1972-ஆம் வருடத்தில் ஜோசப் லோசி டைரக்ட் செய்து வெளிவந்த, டிராட்ஸ்கியின் படுகொலையைக் காட்டும் படத்தைப் பற்றி இன்று சில வார்த்தைகள் பேசலாமென்று கருதுகிறோம். இதில் தேவன் வரவில்லை. வரமும் சாபமும் இல்லை. ஒரு மனிதன் ஏன் கொல்லப்பட்டான் என்பதே சங்கதி. ஆகவே நாம் பார்த்து யோசிக்கத் தகுந்த படம்.

டிராட்ஸ்கி யார்? 1917 ருஷியப் புரட்சியில் லெனினுக்கு அடுத்தபடியாக முன்னின்றவர், செஞ்சேனையைத் திரட்டியவர். லெனின் 1924-இல் இறந்த பிறகு ஸ்டாலினோடு மாறுபட்டார். அதற்குப் பலன், 1929-இல் நாடு கடத்தப்பட்டார். துருக்கி, பிரான்சு, நார்வே என்று அலைந்து 1937-இல் மெக்சிகோ போய்ச் சேர்ந்தார். அவர் இல்லாமலேயே மாஸ்கோ விசாரணைகளில் அவர்மீது சதிக்குற்றம் சாட்டினார்கள். டாக்டர் அம்பேத்கருக்குக் கொலம்பியாவில் ஆசிரியராயிருந்த ஜான் டூயி தலைமையில் ஒரு கமிஷன் கூடி விசாரித்து, அவர் குற்றமற்றவர் என்று தீர்ப்புச் சொல்லிற்று.

தீர்ப்பு வந்தும் உயிர் தப்பவில்லை. 1940 மே மாதம் 24-ந் தேதி ஒரு கூட்டம் அவர் வீட்டுக்குள் புகுந்து படுக்கையறையில் துப்பாக்கியால் சுட்டது; அன்று தப்பினார். ஆகஸ்டு 20-ந் தேதி ரமோன் மெர்க்காதேர் என்னும் ஸ்பானியன், பொய்ப் பெயரோடு அவ்வீட்டில் பழகிவந்தவன், தான் எழுதிய கட்டுரையைப் பார்த்துத் திருத்தித் தரும்படி கேட்டான். அவர் குனிந்து படிக்கையில், பனிமலை ஏறுவோர் வைத்திருக்கும் கோடரியால் தலையில் அடித்தான். மறுநாள் அவர் இறந்தார். கொலைகாரன் 20 வருடத் தண்டனை அனுபவித்து 1960-இல் வெளியே வந்தான்; சோவியத் அரசு அவனுக்கு வீரர் பட்டம் கொடுத்துக் கௌரவித்தது!

படத்தில் ரிச்சர்டு பர்ட்டன் டிராட்ஸ்கியாகவும், அலென் டெலோன் கொலைகாரனாகவும் நடித்திருக்கிறார்கள். கொலைகாரனுடைய மனக்குழப்பத்தையும், காளையைக் குத்திக் கொல்லும் வேடிக்கையையும் விஸ்தாரமாகக் காட்டியவர்கள், அந்தக் கிழவர் சொன்ன கொள்கை இன்னதென்று விளங்கச் சொல்லவில்லை. இது பெருங்குறை என்பதே நம் அபிப்பிராயம்.

டிராட்ஸ்கியை மகாத்மாவாக்க நாம் வரவில்லை. 1921-இல் குரோன்ஸ்டாட் மாலுமிகளின் கலகத்தைப் பட்டாளம் கொண்டு நசுக்கியதில் அவருக்கும் பங்குண்டு. ஆயுதத்தால் வாயை அடைக்கலாமென்ற வழக்கம் ஓரிடத்தில் துவங்கினால், துவக்கியவர் வாசலுக்கும் அது வந்து சேருமல்லவா?

கோயிலைப் பூட்டிய தேசத்தில்தான் இது நடந்தது என்பதைக் கவனியுங்கள். சாமியை ஒழித்துவிட்டு, அந்தப் பீடத்தில் கேள்வி கேட்கக் கூடாத ஒரு தலைவரை உட்கார வைத்தால், பூசாரியும் வந்துவிடுவான், பலியும் வந்துவிடும். கடவுள் இல்லை என்று சொல்வது மாத்திரம் பகுத்தறிவாகிவிடாது. எதிரி சொல்வதைக் கேட்டு, தப்பு இருந்தால் காரணத்தோடு மறுப்பதே பகுத்தறிவு.

ஆகவே தோழர்களே, நம் கூட்டத்தில் எவனாவது எழுந்து எதிர்க்கேள்வி கேட்டால் அவனை உட்காரச் சொல்லிக் கூச்சல் போடாதீர்கள். பதில் இருந்தால் சொல்லுவோம், இல்லாவிட்டால் யோசிப்போம். நாம் இப்போது சொன்னதையும் அப்படியே நம்பிவிடாமல், உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டால் மாத்திரம் ஏற்றுக்கொள்ளுங்கள்.