வாரண்டுக்கு வயதாவதில்லை
(தோட்டக் கிளைக் கூட்டமொன்றில் நிகழ்த்திய பேச்சு)



சம்பளம், போனஸ், வீடு என்று பேசிப் பழகிய இந்த மேடையில் இன்று வாரண்டைப் பற்றிப் பேசவேண்டியிருக்கிறது. சங்கத்துக்கும் வாரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் நினைக்கலாம். சங்க ஆபீசில் உட்கார்ந்திருக்கும் எங்களுக்குத் தெரியும். சம்பளப் பாக்கியைக் கேட்க வருகிறவர் உரத்த குரலில் கேட்கிறார். வாரண்டு விஷயமாக வருகிறவரோ, மற்றவர்களெல்லாம் போகும்வரை வாசலிலேயே நின்றுவிட்டு, "கிராணி ஐயா, என் பேரில் ஏதோ வாரண்டு இருக்குதாம்" என்று தணிந்த குரலில் சொல்கிறார். வீட்டுக்காரிக்கும் தெரியாது என்கிறார்.

இந்தப் பயம் நேற்று வந்ததல்ல. இந்திய ஒப்பந்தக் கூலி ஆள்சேர்ப்பு 1910-இல் நிறுத்தப்படும் வரை, ஒப்பந்தக் காலம் முடியுமுன் தோட்டத்தை விட்டு ஓடியவர் சட்டத்தின் கண்ணில் குற்றவாளி. பிடித்துக் கொண்டுவந்து சிறையில் போடலாம். நம் பாட்டன்மார் அந்தச் சொல்லைக் கேட்டு நடுங்கியதில் நியாயம் உண்டு. ஆனால் இன்று நம்மவர் பேரில் இருக்கும் வாரண்டுகளில் பெரும்பாலானவற்றை எடுத்துப் பார்த்தால், கொலையுமில்லை, கொள்ளையுமில்லை. மோட்டார் சைக்கிளுக்குச் சாலை வரி கட்டவில்லை, லைசென்ஸ் இல்லை, இன்சூரன்ஸ் முடிந்துவிட்டது. கோர்ட்டுக்கு வரச்சொன்ன நாளில் போகவில்லை. அவ்வளவுதான். சிறிய குற்றத்துக்குச் சம்மன். சம்மனை மதிக்காததற்கு வாரண்டு.

இந்த வித்தியாசத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். சாலைத் தடுப்பில் போலீஸ்காரர் எழுதிக் கொடுக்கும் நோட்டீசுக்குக் கம்பவுண்டு கட்டினால் தீர்ந்துவிடும். கட்டாமல் விட்டு, விவகாரம் கோர்ட்டுக்குப் போய், மாஜிஸ்திரேட் கோர்ட்டின் பேரில் சம்மன் வந்துவிட்டால் அது வேறு. குறித்த நாளில் ஆள் வரவில்லை, சம்மன் முறையாகச் சேர்ப்பிக்கப்பட்டது என்பது நிரூபணமாகிறது, தக்க காரணமும் சொல்லப்படவில்லை என்றால், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 47-ஆம் பிரிவுப்படி கோர்ட்டு வாரண்டு பிறப்பிக்கலாம்.

"சம்மனே என் கைக்கு வரவில்லையே" என்று பல தோழர்கள் சொல்கிறார்கள். உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் சட்டம் கையில் கொடுப்பதோடு நிற்கவில்லை. தேடியும் ஆள் கிடைக்காவிட்டால் கூட வசிக்கும் வயதுவந்த குடும்பத்தாரிடம் கொடுக்கலாம். அதுவும் முடியாவிட்டால் வீட்டில் கண்ணில் படும் இடத்தில் ஒட்டிவிட்டு, கோர்ட்டு உத்தரவிட்டால், சேர்ப்பித்ததாகவே கொள்ளலாம். எந்த வீட்டில்? அடையாளக் கார்டில் இருக்கிற வீட்டில்! தோட்டம் கைமாறி, பால்மரம் வெட்டப்பட்டுச் செம்பனையாகி, லயத்தை இடித்து, நம் ஆட்கள் தாமானுக்கும் அடுக்குமாடிக்கும் போன பிறகும், எத்தனையோ பேருடைய கார்டில் பழைய தோட்டத்து விலாசமே இருக்கிறது. ஆள் ஒரு பக்கம், விலாசம் ஒரு பக்கம்.

இந்த இடத்தில் எங்கள் இனத்தாராகிய கிராணிமார்களுக்கும் ஒரு வார்த்தை. ஆபீஸ் மேசையில், இங்கே இல்லாதவர்கள் பேருக்கு வரும் அரசாங்கக் கடிதங்களை ரப்பர் பட்டை போட்டுக் கட்டிவைக்கும் பழக்கம் எல்லாத் தோட்டங்களிலும் உண்டு. அந்தக் கட்டுக்குள் ஒருவருடைய கோர்ட்டுத் தேதி இருக்கலாம். ஆள் எங்கே போனார் என்று லயத்தில் கேட்டால் ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். டெலிபோன் செய்யுங்கள். அது துரை கொடுத்த வேலையல்ல என்று சொல்லவேண்டாம்.

இனி, தோட்டத்தில் உலவும் சில கதைகளைப் பார்ப்போம். ஏழு வருஷம் ஆனால் வாரண்டு செத்துவிடும் என்று ஒரு கதை. மாஜிஸ்திரேட் மாற்றலாகிப் போனால் கேஸும் போய்விடும் என்று இன்னொன்று. நாட்டின் இன்னொரு மூலைக்குக் குடிபோனால் பிடிக்கமாட்டார்கள் என்று மூன்றாவது. மூன்றும் பொய். 38-ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது: பிறப்பித்த கோர்ட்டு ரத்து செய்யும் வரை, அல்லது நிறைவேற்றப்படும் வரை, வாரண்டு உயிரோடிருக்கும். மலேசியாவின் எந்த இடத்திலும் அதை நிறைவேற்றலாம். ஜொகூரில் பிறந்த வாரண்டு கெடாவில் பிடிக்கும். ஆனால் ரத்து செய்வது ஜொகூரில் அதைப் பிறப்பித்த கோர்ட்டின் வேலை.

எங்களுக்குத் தெரிந்த இரண்டு பேரைப் பற்றிச் சொல்கிறோம். ஒருவர் ஒன்பது வருஷம் பெரிய சாலைக்கே வராமல் செம்மண் பாதையில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர். மகள் கல்யாணத்துக்குச் சாமான் வாங்கப் பட்டணம் போனபோது சாலைத் தடுப்பில் அகப்பட்டார். கல்யாணத்துக்கு மூன்று நாள் இருக்க, அண்ணன் தம்பிகள் பந்தற்கால் வேலையை விட்டு ஜாமீனுக்கு ஓடினார்கள். மற்றவர் அதேபோன்ற கேஸுக்குத் தாமாகக் காலையில் கோர்ட்டுக்குப் போய், மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிட்டார். இருவருக்கும் அபராதம் ஏறக்குறைய ஒன்றுதான்.

வாரண்டு இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? மைபாயார் பி.டி.ஆர்.எம். என்கிற போலீஸ் இணையதளத்தில் பார்த்தேன், ஒன்றுமில்லை என்று சில இளைஞர்கள் திருப்திப்பட்டுக் கொள்கிறார்கள். அது போலீஸ் சம்மன்களைப் பார்க்கவும் கட்டவும் உள்ள இடம். வாரண்டு கோர்ட்டுக் காகிதம், கோர்ட்டில்தான் கேட்கவேண்டும். குற்றம் நடந்த வட்டாரத்து மாஜிஸ்திரேட் கோர்ட்டில், குற்றவியல் பதிவுக் கவுண்டருக்குப் போங்கள். அடையாளக் கார்டு எண், பழைய சம்மன் காகிதம் இருந்தால் அதிலுள்ள கேஸ் நம்பர், வண்டி நம்பர், எந்த வருஷம் என்கிற விவரம் இவற்றைக் கொடுங்கள். "வாரான் தங்காப்" இருக்கிறதா என்று மலாயில் கேட்டால் புரியும். நேரே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் விசாரிப்பதை நாங்கள் சிபாரிசு செய்யவில்லை. கையில் உயிருள்ள வாரண்டு இருந்தால் அவர் தம் கடமையைச் செய்வார். அவரைக் குறைசொல்ல முடியாது. பயமாயிருந்தால் முதலில் மகனையோ வழக்கறிஞரையோ அனுப்பி விசாரியுங்கள்.

நாளைப் பார்த்துப் போங்கள். கெடாவில் வெள்ளி, சனி அரசாங்க விடுமுறை. நம்மவர் சிலர் வெள்ளிக்கிழமை சம்பளமில்லாமல் பெயரை விட்டுவிட்டுப் போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்புகிறார்கள். ஜொகூரிலோ 2025 ஜனவரி முதல் சனி, ஞாயிறு விடுமுறை. வாரத்தின் தொடக்கத்தில், காலையில் போவது நல்லது. ஏதேனும் தாமதமானாலும் அடுத்த நாள் கோர்ட்டு இருக்கும்.

வாரண்டு இருக்கிறது என்று தெரிந்தால், கேஸை மாஜிஸ்திரேட் முன் கூப்பிடும்படி கவுண்டரில் கேளுங்கள். அன்று ஜாமீனுக்கு நிற்கக்கூடிய ஒருவரைக் கூட்டிக்கொண்டு, பணத்துக்கும் ஏற்பாடு செய்துகொண்டு போகவேண்டும். வராததற்குக் காரணம் இருந்தால் காகிதத்தோடு சொல்லுங்கள்: ஆஸ்பத்திரிச் சீட்டு, சாவுச் சர்ட்டிபிகேட், வீடு மாறியதற்குத் தோட்டம் கொடுத்த கடிதம். தமிழில் விளக்க மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று தயங்காமல் கேளுங்கள். புரியாத குற்றச்சாட்டுக்குத் தலையாட்டாதீர்கள். வாரண்டை ரத்து செய்வது ஒன்று, குற்றத்தை ஒப்புக்கொள்வது வேறொன்று. சீக்கிரம் வீட்டுக்குப் போகலாமே என்று செய்யாத குற்றத்தை ஒப்புக்கொண்டவரை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

ரத்தானதும் அந்த உத்தரவின் நகலை வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். கோர்ட்டில் ரத்தான சேதி சாலைத் தடுப்பில் நிற்பவருக்குப் போய்ச் சேரச் சில நாள் பிடிக்கலாம்.

அதற்குள் பிடிபட்டுவிட்டால்? வாரண்டின் விஷயத்தைச் சொல்லும்படியும், அதைக் காட்டும்படியும் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஜாமீன் கொடுத்தால் விடலாம் என்று சில வாரண்டுகளில் கோர்ட்டே எழுதியிருக்கும், அதைப் பாருங்கள். அரசியலமைப்பின் 5-ஆம் ஷரத்து கைதுக்குக் காரணம் சொல்லவேண்டும், வழக்கறிஞரைக் கலந்துகொள்ள விடவேண்டும், பிரயாண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தவேண்டும் என்கிறது. வருமானம் குறைந்த குடிமக்களுக்காக 2012 முதல் இயங்கும் தேசியச் சட்ட உதவி அறவாரியத்தின் வழக்கறிஞரைக் கேளுங்கள்.

ஜாமீன் நின்றவர்களையும் மறந்துவிடக்கூடாது. ஆள் வராவிட்டால், பணத்தை ஏன் பறிமுதல் செய்யக்கூடாது என்று காரணம் காட்டும்படி ஜாமீன்தாரரைக் கோர்ட்டு கூப்பிடும். நம் லயங்களில் ஜாமீன் நிற்பவர் யார்? மச்சான், மாமா, பக்கத்து வீட்டுக் கிழவர். அவருடைய சேமிப்புப் புத்தகம்தான் கோர்ட்டில் இருக்கிறது. சாட்சிகளுக்கும் இதே கதி. கட்டிப்பால் திருட்டைப் பார்த்துச் சாட்சி சொல்ல ஒப்புக்கொண்டவர் சம்மன் வாங்கிக்கொண்டு போகாமலிருந்தால், திருடன் வெளியே நிற்க, சாட்சியைத் தேடி வாரண்டு வரும்.

கடைசியாக, டெலிபோன் வாரண்டு. கோர்ட்டிலிருந்து பேசுகிறோம், போலீசிலிருந்து பேசுகிறோம், உங்கள் பேரில் வாரண்டு இருக்கிறது, இந்தக் கணக்கில் பணம் போட்டால் ரத்து செய்கிறோம் என்று யாராவது சொன்னால் அவன் திருடன். ஓய்வுபெற்ற தோழர்களின் சேமநிதிப் பணம் இப்படிப் போகிறது. எந்தக் கோர்ட்டும் டெலிபோனில் வாரண்டை ரத்து செய்வதில்லை. பணம் போட்டுவிட்டீர்களென்றால் அழுதுகொண்டிராமல் உடனே 997-க்குக் கூப்பிடுங்கள். 2022 முதல் மோசடிப் பணத்தைத் தடுக்க உள்ள எண் அது. கோர்ட்டு வாசலில் "நான் முடித்துத் தருகிறேன்" என்று சட்டைப்பையைத் தட்டும் தரகரும் அதே ஜாதிதான்.

கூட்டம் கலைந்ததும் நாங்கள் ஆபீஸ் திண்ணையில் இருப்போம். பழைய கடிதக் கட்டைக் கொண்டுவந்திருக்கிறோம். இங்கேயிருந்து போனவர்களின் பெயர்களைப் படிக்கிறோம். அவர்கள் இப்போது இருக்கும் இடம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். சம்மன் காகிதம் வைத்திருப்பவர்கள் ஒவ்வொருவராக வரலாம். கதவைச் சாத்திக்கொண்டே பேசுவோம்.