மீன் தொட்டிக்குக் குழாய்த் தண்ணீர்



சென்னை கொளத்தூர்ப் பக்கம் போனீங்கன்னா, வீட்டோடு தொட்டி கட்டி மோலி, கப்பி, சண்டை மீன் வளர்த்து விற்கிறதைப் பார்க்கலாம். அந்த ஆசையிலே நானும் இருபது மோலி வாங்கி வந்தேன். ஒரு சாயங்காலம், தண்ணீர் கலங்கியிருக்கேன்னு பாதியை இறைச்சுட்டு, குழாயிலே பிடிச்சதை அப்படியே ஊத்திட்டேன். மீனெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிச்சு. பசியாக்கும்னு தீனி வேறே போட்டேன்! விடிஞ்சு பார்த்தா மூணுதான் மிச்சம்.

காரணம் குளோரின். கிருமியைக் கொல்லக் குடிதண்ணீரிலே கலக்கிறாங்க. அந்த அளவு நமக்குக் கெடுதல் இல்லை. மீனுக்குச் செவுள் வெந்துவிடும்.

வாயகன்ற டிரம்மிலே தண்ணீரைப் பிடித்து ஒரு முழு நாள் திறந்து வையுங்கள். காற்றுக் குழாயும் போட்டால் குளோரின் சீக்கிரம் பறந்துவிடும். அவசரமென்றால், மீன் கடையிலே கிடைக்கும் ஹைப்போ உப்பு 10 கிராமை 100 மில்லி தண்ணீரில் கரைத்து வைத்துக்கொண்டு, பத்து லிட்டருக்கு ஒரு மில்லி விடலாம்.

போயிடுச்சான்னு பார்க்க மூக்கை நம்பாதீங்க. ஆர்த்தோடாலிடின் என்ற சோதனைச் சொட்டு விற்கிறது. சிறு குழாயிலே தண்ணீர் எடுத்துச் சொட்டு விட்டால், குளோரின் இருந்தா உடனே மஞ்சளாகும். சில நிமிஷம் கழித்து மெள்ள மஞ்சளேறினால் அது குளோரமின். திறந்து வைத்தாலும் அது லேசில் போகாது; ஹைப்போ போட்டு முறித்தாலும் அமோனியா மிஞ்சும். அப்படிப்பட்ட தண்ணீரை ஒரு தடவைக்குக் கொஞ்சமாகத்தான் மாற்றணும். சோதித்த தண்ணீர் விஷம்; தொட்டியிலே கொட்டிடாதீங்க, குழந்தைகள் கையிலும் கொடுக்காதீங்க.

ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீரிலே நீங்களாகக் கலக்காவிட்டால் குளோரின் இராது. ஆனால் பல ஊரிலே சோப்பு நுரைக்காத கடினத் தண்ணீர். மோலிக்கு அது ஒத்துக்கொள்ளும். நியான் டெட்ராவுக்கு ஆகாது. இறைத்ததும் ஊற்றாமல், காற்றுப்பட வைத்திருந்து ஊற்றுங்கள்.

வாரம் ஒரு தரம் கால் பங்கு மாற்றினால் போதும். வடிகட்டிப் பஞ்சைக் குழாயடியிலே அலசாதீங்க. மீன் கழிவை முறிக்கிற நுண்ணுயிர்கள் அதிலேதான் குடியிருக்கு. தொட்டியிலிருந்து இறைத்த பழைய தண்ணீரிலேயே அலசிப் போடுங்கள்.