கையில் ஒரு இரசீது



நம் பக்கத்துத் தம்பி ஒருவர் இத்தாலிக்கு ஆறு மாதத் தொழிற்பயிற்சிக்குப் போய்வந்தார். ஊர் திரும்பியதும் என்னைப் பார்க்க வந்தார். மெஷின்களைப் பற்றிச் சொல்வார் என்று உட்கார்ந்தேன். வரிசையில் நின்ற கதையைத்தான் சொன்னார்.

விசா கிடைத்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைக்கிறோம். அப்படியில்லை. இத்தாலியில் மூன்று மாதத்துக்கு மேல் தங்கப் போகிறவர், இறங்கிய எட்டு வேலை நாள்களுக்குள் தங்கும் அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். பெர்மெஸ்ஸோ தி சோஜோர்னோ என்கிறார்கள். அஞ்சலகத்தில் வாங்கிய படிவத்தை நிரப்பி, 16 யூரோ ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, உறையை மூடாமல் கொடுக்க வேண்டும். ஒரு இரசீதும், காவல்துறை அலுவலகத்தில் கைரேகை வைக்க ஒரு தேதியும் கிடைக்கும். அட்டை வரும்வரை அந்த இரசீதுதான் எல்லாம்.

தம்பிக்கு இடறியது பெயரில். நமக்கேது குடும்பப்பெயர்? அவருடைய பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டம் காலி. படிவத்திலோ இரண்டு கட்டம். அப்பா பெயரை ஒன்றில் எழுதினார். இரண்டு மாதம் கழித்துக் கைரேகைக்குப் போனபோது, “பாஸ்போர்ட்டும் படிவமும் பொருந்தவில்லை, திருத்திக்கொண்டு வா” என்று அனுப்பிவிட்டார்கள். அடுத்த தேதிக்கு இன்னும் ஏழு வாரம்.

அந்த இடைவெளியில் அவருடைய அப்பாயி இறந்துபோனார். அட்டை இல்லாமல் வெளியே போனால் திரும்ப விடமாட்டார்கள் என்று பயந்து, அடக்கத்தைப் போனிலேயே பார்த்தார். வளர்த்த அப்பாயி.

இரண்டாம் முறை வரிசையில் நின்றபோது, அட்டையைப் புதுப்பிக்க வந்திருந்த யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் தமிழைக் கேட்டுத் திரும்பியிருக்கிறார். கதையைக் கேட்டதும், “ஐயோ தம்பி, ஒருத்தரும் சொல்லேல்லையே? விசா ஒட்டின பாஸ்போர்ட்டோட இந்த ரிசீட்டைக் காட்டிப் போட்டு வரலாமே. வேற ஐரோப்பிய நாட்டில இறங்கி மாறக்கூடாது, அவ்வளவுதான்” என்றாராம். படிவத்தை இலவசமாகச் சரிபார்த்துத் தர அங்கே பத்ரொனாத்தோ என்ற உதவி அலுவலகங்கள் இருப்பதையும் அவர்தான் சொன்னார். நம் திருச்சபைத் தொழிலாளர் இயக்கமான ஆக்லி நடத்துவதும் உண்டு.

சட்டத்தை நான் குறை சொல்லமாட்டேன். வீட்டுக்கு வந்திருப்பது யார் என்று ஒரு நாடு கேட்கத்தான் செய்யும். பவுலடியாரையே அவருடைய குடியுரிமைதானே சாட்டையடியிலிருந்து காப்பாற்றியது! திருத்தூதர் பணிகள் 22ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். வாரால் கட்டியபிறகுதான் அவர் உரோமைக் குடிமகன் என்று தெரிகிறது. ஆயிரத்தவர் தலைவர், தான் பெருந்தொகை கொடுத்து அதை வாங்கியதாகச் சொல்கிறார். பவுலோ பிறப்பிலேயே குடிமகன். அந்த உரிமை இல்லாத ஒருவரை அன்று கட்டியிருந்தால்? அடி விழுந்திருக்கும். யாரும் எழுதிவைத்திருக்கவும் மாட்டார்கள்.

தம்பி போனபிறகு எனக்கு வேறொரு சன்னல் நினைவுக்கு வந்தது. நம் பங்கு அலுவலகத்துச் சன்னல். முந்தின திங்கள்கிழமை பேரனின் திருமுழுக்குச் சான்றிதழ் கேட்டு ஒரு பாட்டி வந்திருந்தார். எந்த ஆண்டு என்று அவருக்குத் தெரியவில்லை. பதிவேடு என் முதுகுக்குப் பின்னால் அலமாரியில்தான் இருந்தது. “தேதி தெரிந்துகொண்டு புதன்கிழமை வாங்கம்மா” என்றேன். இரண்டு பேருந்து மாறி வருகிறவர் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

செவ்வாய் இரவு பதிவேட்டை எடுத்து வைத்துக்கொண்டு தேடினேன். பெயர் கிடைக்க இருபது நிமிடம் ஆனது. புதன்கிழமை அலுவலகம் திறக்குமுன்பே அந்தப் பாட்டி வாசற்படியில் உட்கார்ந்திருந்தார்.