ஏப்ரல் முதல் நாள்

(திருப்பதியில் நடைபெற்ற சங்க ஆண்டுவிழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

இவ்வாண்டு விழா ஏப்ரல் முதல் நாளில் நடைபெறும் என்று செயலாளர் வந்து சொன்னபோது, "முட்டாள்கள் தினத்திலா என்னைப் பேச அழைக்கிறீர்கள்?" என்று கேட்டேன். என் பள்ளிப் பருவத்தில் இந்நாளில் யார் சட்டை முதுகிலே யார் மை தெளிப்பது என்பதே பெரும் போட்டி. அந்த மைக்கறை வெளுத்தால் போய்விடும். ஆயின் இதே நாளில் அரசினர் தெளித்த மை ஒன்றுண்டு. நிலப்படத்தின்மீது தெளித்த மை அது, எளிதில் வெளுப்பதன்று. அதனைப் பற்றியே இன்று சில சொல்ல விழைகின்றேன்.

அதற்கு முன் ஒரு சிறு நிகழ்ச்சி. சென்ற மார்கழியில் என் பேத்தியை அழைத்துக்கொண்டு திருமலைக்குச் சென்றிருந்தேன். கோயிற் சுவரில் வெட்டப்பட்டிருந்த எழுத்துகளைக் கண்டு, "இது எந்த மொழி, தாத்தா?" என்றாள். "தமிழம்மா" என்றேன். "உங்களுக்குப் படிக்கத் தெரியுமா?" என்றாள். "பழைய எழுத்து, தட்டுத் தடுமாறிச் சில சொற்களைப் படிப்பேன்" என்றேன். "எனக்குப் புதிய எழுத்தே தெரியாதே!" என்று சொல்லிச் சிரித்தாள். அவள் சிரித்தாள், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பெரியோர்களே, ஏப்ரல் முதல் நாளின் வரலாற்றைப் புரட்டினால் ஒரு விந்தை புலப்படும். குருதி உடலிற் சுற்றியோடும் முறையை விளக்கிய வில்லியம் ஹார்வி 1578-இல் இந்நாளிற் பிறந்தார். சிதறிக் கிடந்த ஜெர்மானிய அரசுகளை ஒன்றாக்கிய பிஸ்மார்க் 1815-இல் இந்நாளிற் பிறந்தார். பல மொழியினர் வாழ்ந்த ஆஸ்திரியப் பேரரசின் இறுதி மன்னர் கார்ல், நாடிழந்து மதீராத் தீவில் 1922-இல் இந்நாளில் மறைந்தார். நாடுகளை இணைத்தவர் பிறந்ததும், நாடு பிரிந்தவர் மறைந்ததும் ஒரே தேதியில்! இவை தற்செயலாய் நேர்ந்தவை.

ஆனால் நம் இந்திய நாட்டு வரலாற்றில் ஏப்ரல் முதல் நாள் திரும்பத் திரும்ப வருவது தற்செயலன்று. 1867 முதல் அரசின் கணக்காண்டு இந்நாளில் தொடங்குகிறது. புதிய மாகாணமோ புதிய அலுவலகமோ ஏற்படுத்த வேண்டுமாயின், புதிய பேரேட்டின் முதற் பக்கத்திலேயே தொடங்குவது கணக்கருக்கு எளிது. ஆகவே 1935-இல் ரிசர்வ் வங்கி இந்நாளில் தொடங்கியது. 1936-இல் ஒரிசாவும் சிந்துவும் இந்நாளில் தனி மாகாணங்களாயின. 1973-இல் புலிகளைக் காக்கும் திட்டமும், 2010-இல் குழந்தைகளின் கல்வி உரிமைச் சட்டமும் இந்நாளிலேயே நடைமுறைக்கு வந்தன.

1937-இல் நடந்ததை மட்டும் சற்று நின்று எண்ணுங்கள். அவ்வாண்டு ஏப்ரல் முதல் நாளில் பர்மா இந்தியாவினின்று பிரிக்கப்பட்டது. அதுவரை சென்னையிலிருந்து கப்பலேறி இரங்கூனுக்குச் சென்ற தமிழர், ஒரே இந்திய ஆட்சியின் ஒரு மாகாணத்திலிருந்து மற்றொரு மாகாணத்துக்கே சென்றனர். அன்று முதல் அவர்கள் வேற்று நாட்டினர். கப்பலும் அதுவே, கடலும் அதுவே. கணக்கேடு மட்டும் வேறு. 1942-இல் போரின் கொடுமையால் காடும் மலையும் கடந்து நடந்தே திரும்பியோரையும், 1960-களில் கடையும் நிலமும் இழந்து வந்தோரையும் நம் முதியோர் அறிவர்.

இனி நாம் வாழும் ஊருக்கு வருகின்றேன். சித்தூர் மாவட்டம் பிறந்ததும் ஒரு ஏப்ரல் முதல் நாளிலேதான், ஆண்டு 1911. அதற்கு முன்னர் இத்திருப்பதி வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தது. அம்மாவட்டத்தின் தலைநகரே சித்தூர்தான். வட ஆர்க்காட்டின் பகுதிகளோடு கடப்பை மாவட்டத்தைச் சேர்ந்த மதனப்பள்ளி முதலிய பகுதிகளையும் கூட்டிச் சித்தூர் மாவட்டத்தை அமைத்தனர். வட ஆர்க்காட்டுக்கு வேலூர் தலைநகராயிற்று. அன்று அது வெறும் நிர்வாக ஏற்பாடு. இரு பக்கமும் சென்னை மாகாணமே. ஆதலால் எவரும் பெரிதாக எண்ணவில்லை.

அந்த மாவட்டக் கோடு 1953 அக்டோபர் முதல் நாளில் மாநிலக் கோடாயிற்று. ஆந்திர மாநிலம் அமைந்தபோது சித்தூர் மாவட்டம் முழுமையும் அதனோடு சென்றது. வேங்கடமே தமிழகத்தின் வட எல்லை என்று தொல்காப்பியப் பாயிரம் கூறுவதைச் சுட்டி, ம. பொ. சிவஞானம் அவர்களும் அவர்தம் தமிழரசுக் கழகத்தாரும் வடக்கெல்லைப் போராட்டம் நடத்தினர், சிறை சென்றனர். படாஸ்கர் அவர்களின் நடுவண்மையில் இரு மாநிலங்களும் உடன்பாடு கண்டன. 1959-இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. அது நடைமுறைக்கு வந்த நாள் 1960 ஏப்ரல் 1. திருத்தணி வட்டம் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. செங்கற்பட்டு, சேலம் மாவட்டங்களின் சில ஊர்கள் ஆந்திரத்தோடு சேர்ந்தன. திருப்பதி ஆந்திரத்திலேயே நின்றது. மாவட்டம் பிறந்த அதே நாளில், 49 ஆண்டுகளுக்குப் பின், அதன் ஒரு பகுதி பிரிந்து சென்றது!

திருத்தணியில் 1900-இல் பிறந்து, தம் வீட்டுத் திண்ணையை விட்டு நகராமல் முதுமை எய்திய ஒருவரை எண்ணிப் பாருங்கள். பிறந்தது வட ஆர்க்காடு மாவட்டத்தில். பதினோரு வயதில் சித்தூர் மாவட்டத்தார். ஐம்பத்து மூன்றில் ஆந்திர மாநிலத்தார். அறுபதில் சென்னை மாநிலத்துச் செங்கற்பட்டு மாவட்டத்தார். அறுபத்தொன்பதில் தமிழ்நாட்டார். ஊர் மாறவில்லை, கிணறு மாறவில்லை. முகவரி மட்டும் மாறிக்கொண்டே இருந்தது. நமக்கும் அண்மையில் அது நேர்ந்தது. 2022 ஏப்ரல் 4-இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. மூன்று நாள் தவறிவிட்டது. இல்லையேல் என் பேச்சுக்கு இன்னும் பொருத்தமாய் இருந்திருக்கும்!

அன்பர்களே, பழைய வழக்கைப் புதுப்பிக்க நான் இதனைச் சொல்லவில்லை. இம்மண்ணின் தெலுங்கு மக்கள் நமக்கு வேலையும் வீடும் நட்பும் தந்தவர்கள். மேலே உள்ள மலையும் நமக்கு வேறொரு பாடம் சொல்கிறது. அங்குள்ள கல்வெட்டுகளிற் பெரும்பாலானவை தமிழ். வெள்ளித் திருமேனி அளித்த பல்லவர் குலத்து அரசி சாமவையின் கொடை தமிழில் வெட்டப்பட்டிருக்கிறது. அன்னமாசாரியாரின் தெலுங்குக் கீர்த்தனைகள் செப்பேடுகளிற் பொறிக்கப்பட்டு அதே கோயிலிற் காக்கப்பட்டன. மார்கழியில் வடமொழிச் சுப்ரபாதத்துக்கு மாற்றாக ஆண்டாளின் திருப்பாவை ஒலிக்கிறது. அந்த ஆண்டாளின் வரலாற்றைத் தெலுங்கில் 'ஆமுக்தமால்யதா' என்னும் காவியமாக்கியவர் கிருஷ்ணதேவராயர். எல்லைக் கோடு மலையடிவாரத்தில் எத்தனை முறை மாறினும், மலைமேல் இரு மொழியும் அடுத்தடுத்தே வாழ்கின்றன.

அவை வாழ்வதற்குக் காரணம் என்ன? ஒரு காலத்தில் ஒருவர் அவற்றைக் கல்லிலும் செம்பிலும் எழுதி வைத்தார். பின்வந்தவர் படிக்கக் கற்றார். எல்லைப் போராட்டத்தைப் பேசுவோர் தலைவர்களையே பேசுவர்; மங்கலங்கிழார் என்னும் தமிழாசிரியரை நான் முதலில் நினைக்கின்றேன். வடக்கெல்லைச் சிற்றூர்களில் தமிழ் வகுப்பு நடத்தி, ஊர்தோறும் தமிழார்வம் வளர்த்தவர் அவர். மேடைகளும் ஊர்வலங்களும் தோன்றுமுன்னே அப்பகுதியில் ஒரு கரும்பலகை இருந்தது.

இந்நாளின் மற்றொரு நிகழ்ச்சியையும் சொல்லி முடிக்கின்றேன். 1957 ஏப்ரல் முதல் நாளில் நயா பைசா வந்தது. பதினாறு அணா கொண்ட ரூபாய், நூறு காசு கொண்ட ரூபாயாயிற்று. அணா அன்றே கணக்கிலிருந்து நீங்கியது. ஆயினும் இருபத்தைந்து காசை நாம் 'நாலணா' என்றே அழைத்தோம். 2011-இல் அந்த இருபத்தைந்து காசும் செல்லாமற் போயிற்று. 'நாலணாவுக்குப் பெறாத பேச்சு' என்பதை இன்றும் சொல்கிறோம். அரசு நீக்கிய நாணயத்தை நாவிலே காத்தோம். நீக்கச் சொல்லி எவரும் ஆணையிடாத எழுத்தை மட்டும் நம் பிள்ளைகளின் கையிலிருந்து நாமே நழுவ விட்டோம். பள்ளியில் தெலுங்கும் ஆங்கிலமும் இந்தியும் உண்டு. அவற்றை அவர்கள் நன்கு கற்கட்டும். தெலுங்கை நம்மினும் நன்றாக எழுதட்டும். வீட்டில் தமிழ் பேசுகிறார்கள் என்று நாம் மனநிறைவு அடைந்துவிட்டோம். எழுதப் பழகாத மொழி இரண்டு தலைமுறைக்கு மேல் வீட்டில் தங்குவது அரிது.

ஆகவே சங்கத்தாரிடம் ஒரு வேண்டுகோள். இன்று அரசு புதிய பேரேடு திறக்கின்ற நாள். நாமும் ஒரு புதிய ஏடு திறப்போம். ஞாயிறுதோறும் காலையில் ஒரு மணி நேரம், இந்தக் கூடத்திலேயே, ஒரு தமிழ் எழுத்து வகுப்பு. ஆசிரியராக நானே வருகின்றேன், ஊதியம் வேண்டா. அடுத்த ஆண்டுவிழாவுக்கு முன் ஒவ்வொரு பிள்ளையும் தன் ஊரிலுள்ள பாட்டிக்குத் தன் கையால் ஒரு கடிதம் எழுதி அஞ்சலில் இட வேண்டும். அதுவே எங்கள் தேர்வு.

முதல் மாணவியின் பெயரைப் பதிந்துவிட்டேன். அவள் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறாள். "ஏப்ரல் முட்டாள் என்று சொல்லிவிட மாட்டீர்களே, தாத்தா?" என்று காலையில் கேட்டாள். மாட்டேன் என்று சொல்லியிருக்கின்றேன். அந்தச் சொல்லைக் காப்பாற்ற நீங்கள் எல்லீரும் உங்கள் பிள்ளைகளை அனுப்பித் துணை புரிய வேண்டுகின்றேன்.