மூன்று சிப்பாய், ஐந்து நகர்வு

(தோட்ட வாசிகசாலையில் செஸ் குழுப் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)



மலையில் கொழுந்து எடுத்து, மடுவத்தில் நிறுத்துக் கொடுத்து, வீட்டு வேலையையும் முடித்துக்கொண்டு இந்தக் குளிரில் வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் விசயத்துக்கு வருகிறோம். செஸ் விளையாட்டின் கடைசிக் கட்டத்தில், எதிராளியின் சிப்பாய் வரிசையை உடைத்துக்கொண்டு நமது சிப்பாய் ஒன்றைக் கரை சேர்ப்பது எப்படி? இன்றைக்கு அந்த ஒன்றைத்தான் பேசப் போகிறோம்.

இதை ஏன் இப்போது எடுத்தோம் என்றால், போன முறை பாடசாலைப் போட்டிக்கு நமது பிள்ளைகள் போனார்கள் இல்லையா, அங்கே ஒரு தங்கச்சியின் ஆட்டத்தில் யானை, குதிரை எல்லாம் வெட்டுப்பட்டு, இரண்டு பக்கமும் ராஜாவும் மூன்று சிப்பாய்களும் மட்டும் மிஞ்சின. எதிரே இருந்த பிள்ளை "சமன் பண்ணுவோமா?" என்று கேட்டது. இதுவும் "இனி என்ன இருக்கு" என்று கை கொடுத்துவிட்டது. அரைப் புள்ளிதான் கிடைத்தது. நாள் முழுக்க மலையில் நின்றவருக்கு அரைப் பேர் போட்டால் எப்படி இருக்கும்? அந்த மாதிரிதான். அந்த மற்ற அரைப் புள்ளி இல்லாததால் நமது குழு அடுத்த சுற்றுக்குப் போகவில்லை. பிள்ளையை ஒருவரும் ஏசக் கூடாது. ஆனால் அந்த நேரம் பலகையில் வெற்றி இருந்தது, ஆட வேண்டிய முறையும் அதனுடையது.

எப்படி என்று காட்டுகிறோம். இந்த அட்டையைப் பாருங்கள். இடமிருந்து வலமாக வரிசைகளுக்கு ஏ, பி, சி என்று எச் வரைக்கும் பெயர். வெள்ளைப் பக்கத்திலிருந்து மேலே 1 முதல் 8 வரை எண். வெள்ளைச் சிப்பாய்கள் ஏ5, பி5, சி5 இல் நிற்கின்றன. கறுப்புச் சிப்பாய்கள் ஏ7, பி7, சி7 இல். நடுவில் ஒரு கட்டம்தான் இடைவெளி. வெள்ளை ராஜா ஜி1 இல், கறுப்பு ராஜா ஜி5 இல், இரண்டும் தூரத்தில். இப்போது வெள்ளையின் முறை.

பார்த்தவுடன் மூன்றுக்கு மூன்று, அடைத்துக்கொண்டு நிற்கிற மாதிரித்தான் தெரியும். சிப்பாய் நேராகத்தான் போகும், மூலையாகத்தான் வெட்டும். அந்தச் சட்டத்தை வைத்துக்கொண்டே கதவைத் திறக்கலாம்.

வெள்ளை நடுச் சிப்பாயைப் பி6 க்குத் தள்ளுகிறது. வேண்டுமென்றே வெட்டக் கொடுக்கிறது. வெட்டாமல் விட்டால் அது ஏ7 ஐ வெட்டி, அடுத்த நகர்வில் ராணியாகிவிடும். ஆகவே கறுப்பு வெட்டியே ஆகவேண்டும். ஏ7 சிப்பாயால் வெட்டுகிறது என்று வையுங்கள். உடனே வெள்ளை சி சிப்பாயைச் சி6 க்குத் தள்ளுகிறது. இரண்டாவது பலி. அதைப் பி7 சிப்பாய் வெட்டுகிறது. இப்போது ஏ வரிசையைப் பாருங்கள், காலி! ஏ6, ஏ7, ஏ8. ஐந்தாவது நகர்வில் ராணி.

முதலில் சி7 சிப்பாயால் வெட்டினால்? அப்போது மறுபக்கம் திறக்க வேண்டும். வெள்ளை ஏ6 ஆடும், பி7 அதை வெட்டும், பிறகு சி6, சி7, சி8. அதே ஐந்து நகர்வு. அதாவது கறுப்பு எந்தப் பக்கத்துச் சிப்பாயால் வெட்டுகிறதோ, அதற்கு மறுபக்கத்துச் சிப்பாயை இரண்டாவதாகக் கொடுக்க வேண்டும். நமது தம்பிமார் தடுமாறுவது இந்த இடத்தில்தான். இரண்டு வழியையும் கை பழகும் மட்டும் பத்துத் தரம், இருபது தரம் ஆடிப் பாருங்கள்.

நாங்கள் போன வாரம் பணிய லயத்தில் இதைக் காட்டியபோது ஒரு அண்ணன், "ரெண்டு பேரு செத்து ஒருத்தன் ராணியாகிறது நம்ம கத மாதிரியில்ல இருக்கு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நாங்களும் சிரித்தோம். ஆனாலும் தம்பிமாரே, இது மரக்கட்டை. மனுசனை இப்படிக் கணக்குப் போட நாங்கள் சொல்லிக்கொடுக்க மாட்டோம். பலகையிலே மட்டும் போடுங்கள்.

கணக்கு என்று சொன்னோமே, அதுதான் இதில் பெரிய வேலை. சிப்பாயைத் தூக்கிக் கொடுப்பதைப் பார்த்து ஏதோ வீரம் என்று நினைக்கிறார்கள். வீரமும் இல்லை, ஒன்றும் இல்லை. வெள்ளை ஐந்து நகர்வு ஆடி முடிக்கும்போது கறுப்புக்குக் கிடைப்பது நான்கு. அதில் இரண்டு வெட்டுவதற்கே போய்விடும். சும்மா கிடைப்பது இரண்டே இரண்டு. ஜி5 இல் நிற்கும் ராஜா இரண்டு அடியில் ஏ வரிசைக்கு வந்து சேராது. அதனால்தான் பலிக்கிறது. அதே ராஜா டி7 இல் நின்றிருந்தால்? வந்து மறித்துவிடும். இரண்டு சிப்பாயையும் கொடுத்துவிட்டு வாயைப் பிளந்துகொண்டு நிற்க வேண்டியதுதான்.

இன்னொன்றும் கவனியுங்கள். எல்லாச் சிப்பாய்களையும் ஒரு கட்டம் கீழே இறக்கி வையுங்கள். வெள்ளை ஏ4, பி4, சி4 இல், கறுப்பு ஏ6, பி6, சி6 இல். பார்க்க அதே மாதிரிதான் இருக்கும். பி5, ஏ சிப்பாய் வெட்டுகிறது. சி5, பி சிப்பாய் வெட்டுகிறது. ஏ5. இங்கேயிருந்து வெள்ளைக்கு இன்னும் மூன்று அடி போக வேண்டும். கறுப்பின் சிப்பாய் ஒன்று வெட்டி வெட்டியே பி5 க்கு வந்துவிட்டது, அது பி4, பி3, பி2 என்று ஓடும். வெள்ளை ஏ8 இல் ராணியாகும், மறு நகர்விலேயே கறுப்பும் பி1 இல் ராணியாகும், ஜி1 இல் இருக்கும் நமது ராஜாவுக்குச் செக் சொல்லிக்கொண்டே! ஒரே ஒரு கட்ட வித்தியாசம்தான். ஆகவே நிலையைப் பார்த்த மாத்திரத்தில் கை வைக்காமல், விரல் விட்டு எண்ணிய பிறகு ஆடுங்கள்.

"சின்னச் சிப்பாய்க்கு இவ்வளவு பேச்சா" என்று ஒரு தாய் கேட்டார். பிரான்ஸ் நாட்டுப் பிலிடோர் என்பவர், தொழிலால் சங்கீதக்காரர், 1749 இல் ஒரு செஸ் புத்தகம் போட்டார். அதில் சிப்பாய்களைத்தான் முன்னுக்கு வைத்து விளக்கினார். அதற்கும் முன்னே, இந்தியாவில் சதுரங்கம் என்று ஆடிய காலத்தில், இன்றைய ராணியின் இடத்தில் இருந்தது மந்திரி. அது மூலையாக ஒரு கட்டம்தான் போகும். கரை சேர்ந்த சிப்பாய்க்கு அவ்வளவுதான் பதவி. 1500 ஆம் ஆண்டை ஒட்டி ஐரோப்பாவில் ராணிக்கு இன்றைய பலம் வந்த பிறகுதான் ஒரு சிப்பாய் கரை சேர்வது ஆட்டத்தையே முடிக்கிற காரியமாயிற்று.

அண்மையில் நடந்ததும் உண்டு. 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் உலகப் பட்டத்துக்கு 14 ஆவது, கடைசி ஆட்டம். சென்னைப் பையன் குகேஷ், வயது 18. எதிரே சீனாவின் டிங் லிரென். குகேஷுக்கு ஒரு சிப்பாய் கூடுதல், ஆனாலும் சமன்தான் என்று பலரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். டிங் 55 ஆவது நகர்வில் தனது யானையைத் தவறான கட்டத்தில் வைத்தார். குகேஷ் யானையையும் மந்திரியையும் மாற்றிக்கொண்டார், மிஞ்சியது ராஜாவும் சிப்பாய்களும்தான். டிங் கை கொடுத்துவிட்டார். 7½க்கு 6½, உலகப் பட்டம் குகேஷுக்கு. இன்று நாம் பார்த்த உடைப்பு வேறு, அந்த ஆட்டம் வேறு. ஆனால் அந்தப் பையனும் "இனி என்ன இருக்கு" என்று கை கொடுத்திருந்தால்?

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். செஸ் செட் வாங்கக் காசில்லை என்கிறீர்கள், நியாயம். இந்தப் பாடத்துக்குச் செட் தேவையில்லை. இரண்டு ராஜா, ஆறு சிப்பாய், மொத்தம் எட்டுக் காய். சோடா மூடி மூன்று, புளியங்கொட்டை மூன்று, இரண்டு கல். பிஸ்கட் பெட்டி அட்டையில் கோடு போட்டால் பலகை. பிள்ளை அடுப்படியில் உட்கார்ந்து அதை வைத்து எண்ணிக்கொண்டிருந்தால், விளையாடிக்கொண்டிருக்கிறதே என்று எழுப்பிவிடாதீர்கள்.

பிள்ளைகளுக்கு வீட்டு வேலை ஒன்று. முதலில் வைத்த அதே நிலை, ஆனால் இப்போது கறுப்பின் முறை.  ஏ6 ஆடினால் சி6 என்று வந்து உடைக்கும். சி6 ஆடினால் ஏ6 என்று வந்து உடைக்கும். தப்புவதற்குச் சிப்பாய் நகர்வு ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அது எது, ஏன் என்று கண்டுபிடித்துக்கொண்டு சனிக்கிழமை பின்னேரம் நான்கு மணிக்கு இங்கே வாருங்கள். அட்டையையும் மூடிகளையும் மறக்காமல் கொண்டு வாருங்கள்.