படகுல எவ்வளவு ஏத்தலாம்?

நம்ம 'கட்டுமரம்' இங்கிலீஷுக்குப் போய் 'கேட்டமரன்' ஆச்சு. ஆனா இன்னைக்கு அந்தப் பேர்ல விக்கிறது, ரெண்டு ஒல்லியான ஹல்லை மேல ஒரு தளம் போட்டு இணைச்ச பாய்மரப் படகு. நடுக்கடல்ல ஒரு வீடு மாதிரி. சிக்கலே அங்கதான்: வீடுன்னு நெனச்சு சாமான் ஏத்திடுவோம்.

நானும் அப்படித்தான். கேனரி தீவுகள்ல லாஸ் பால்மாஸ்ல இருந்து கரீபியன்ல செயின்ட் லூசியாவுக்கு, சுமார் 2,700 கடல் மைல். 12 மீட்டர் படகு, நான் உதவியாள். 18 கிலோ புத்தகப் பெட்டியோட போய் நின்னேன். கேப்டன் கைல தராசு!

அவர் சொன்ன கணக்கு இது. ரெண்டு ஹல்லும் சேர்ந்து நீர்மட்டத்துல அடைக்கிற பரப்பு 20 சதுர மீட்டர்னா, படகு 1 சென்டிமீட்டர் அமுங்க 200 கிலோ போதும். ஒரு டன் கூடினா 5 சென்டிமீட்டர்.

"அவ்வளவுதானே?"ன்னு கேட்டேன். அவர் சிரிக்கல.

ஒற்றை ஹல் படகு கவிழாம நிக்கிறதே அடியில இருக்குற கனமான கீலாலதான். கேட்டமரன் நிக்கிறது அகலத்தால. அதுக்கு அந்த பாரம் வேண்டாம், அதான் வேகம். நாம சாமானை ஏத்தி அந்த லாபத்தை நாமே அழிக்கிறோம். ஹல் அமுங்கினா தண்ணியோட உராய்வு கூடும், காத்து கம்மியா இருக்கும்போது படகு நகரவே யோசிக்கும். தளத்துக்கும் கடலுக்கும் நடுவுல இருக்குற இடைவெளியும் குறையும். அப்புறம் அலை அடியில இருந்து சம்மட்டியால அடிக்கிற மாதிரி மோதும். பலமான காத்துலயும் படகு சட்டுன்னு சாய்ஞ்சு எச்சரிக்காது. பாரம் கூடக் கூட, அந்த இழுவை மொத்தமும் பாய்மரத்து மேலயும் கம்பிகள் மேலயும்தான் விழும்.

இன்னொரு கணக்கு. 7 நாட் வேகத்துல 2,700 மைல்னா 16 நாள். 6 நாட்னா கிட்டத்தட்ட 19 நாள். அந்த மூணு நாளுக்கும் சாப்பாடு, தண்ணி வேணும். அதுவும் எடைதானே?

குடிதண்ணி, உயிர்காக்கும் படகு, நங்கூரம், இதுல கை வைக்கக் கூடாதுன்னுட்டார். டைவிங் சிலிண்டர், டபுளா இருந்த டூல்ஸ், என் புத்தகம் எல்லாம் கரையிலயே இறங்குச்சு. மிச்ச கனமான சாமான் நடுவுல போச்சு. முன்னாடி வெச்சா மூக்கு அலைக்குள்ள குத்தும்.

ரெண்டே ரெண்டு புத்தகத்தோட கிளம்பினேன். அஞ்சாவது ராத்திரி, குறுக்கே வந்த அலை ஒண்ணு எங்க பங்குக்குக் கீழ டம்முன்னு மோதுச்சு. அந்த 5 சென்டிமீட்டரை அப்போதான் நெனச்சேன்.

நீங்க எப்பவாவது கேட்டமரன் வாடகைக்கு எடுத்தா, எத்தனை பேர் படுக்கலாம்னு மட்டும் கேட்காதீங்க. எத்தனை கிலோ ஏத்தலாம்னும் கேளுங்க. அந்தக் கிலோவுல நீங்களும் சேர்த்திதான். அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.